குடைக்கார லானின் கால்

எங்கள் கரையில் அப்பா அம்மா வைத்த பெயர் யாருக்கும் நிலைப்பதில்லை. மண்ணில் பக்கவாட்டில் ஓடி வாடிக்கை ஆட்களைப் பிடிக்கிற டின், நண்டு டின். பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விடுகிற மான், கட்டுப்பல் வைத்த நாளிலிருந்து பல்லு மான். நான் ரப்பர் தோட்டத்தை விட்டு இந்த லங்காவித் தீவுக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. எட்டு வயசுப் பையனுக்கும் நான் அண்ணேதான், எண்பது வயசுப் பெரியவருக்கும் அண்ணேதான். ரோஸ்லான் எங்கே என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. லான் பாயோங் என்று கேட்டால் கரைப் பூனைகூட மேலே நிமிர்ந்து பார்க்கும். மலாயில் பாயோங் என்றால் குடை. மழைக்குடை இல்லை, ஆளைத் தூக்கிக்கொண்டு பறக்கிற பாராசூட் குடை.

நான் படகு ஓட்டுகிறேன். கயிற்றின் ஒரு முனை என் படகில், மறு முனை குடையில். குடைக்கு அடியில் வெள்ளைக்காரனோ, அரபிக்காரரோ, கோலாலம்பூர் வங்கி அதிகாரியோ, வாரில் கட்டிய மூட்டை மாதிரித் தொங்குவார்கள். அவர்கள் தலைக்கு மேலே, குடைக் கயிறுகளுக்கு நடுவில், வார் இல்லாமல், கொக்கி இல்லாமல், வெறுங்காலோடு லான் உட்கார்ந்திருப்பான். இடது பக்கத்துக் கயிறுகளைச் சேர்த்து இழுத்தால் குடை இடது பக்கம் சாயும், வலது பக்கம் இழுத்தால் வலது பக்கம். காசு கொடுத்தவன் கண்ணை மூடிக் கத்துவான். காசு வாங்குகிறவன் மேலே உட்கார்ந்து மூக்கு நோண்டுவான். இறங்கியதும் காசு கொடுத்தவன், நான் பறந்தேன், நான் பறந்தேன் என்று பெண்டாட்டியைக் கட்டிக்கொள்வான். லானை யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள்.

லானுக்கு ஒரே ஒரு திமிர் உண்டு. பிழைப்பு கடலுக்கு மேலே, ஆனால் அவன் கால்சட்டை கடலில் நனைந்ததை யாரும் பார்த்ததில்லை. புயல் வந்தாலும் வேட்டையாடின கழுகு மாதிரி வாடிக்கையாளரைத் தூக்கிக்கொண்டு வந்து மண்ணில் போடுவான். துவைத்த கைலியைக் குடைக் கயிற்றில் முடிந்து, ஒரு அரபிக் குடும்பத்தைப் பறக்கவிடும் நேரத்தில் காயவைத்துக்கொள்வான். நாங்கள் எல்லோரும் நாள் முழுக்க உப்பில் ஊறிக் கிடக்க, அவன் மட்டும் மாலையில் இஸ்திரி போட்ட மாதிரி வீட்டுக்குப் போவான்.

வயசு நாற்பத்தாறு, கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டுப் போன இடத்திலெல்லாம் தேத்தண்ணியும் பிஸ்கோத்தும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கரை ஆட்கள் என்றால் தீவில் ஒரு பெயர் உண்டு: வெள்ளைக்காரிகளுக்கு எண்ணெய் தடவுகிறவர்கள், ராத்திரி பீர் நாறுகிறவர்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி எங்களுக்கு வாய்க்கவில்லை.

இப்படி இருந்தவனுக்குக் கியா மேல் ஆசை வந்தது.

கியா, முழுப் பெயர் ரொக்கியா, எங்கள் குடைக் கொட்டகையில் பெண்களுக்கு வார் கட்டுகிறவள். முக்காடு போட்ட பெண்கள் எங்கள் கை படுவதை விரும்பமாட்டார்கள். அவர்களைக் கியாதான் கட்டுவாள். கட்டி முடித்துக் கொக்கியை இரண்டு தட்டுத் தட்டுவாள். லான் "சரியா?" என்பான். அவள் "சரி" என்பாள். அவன் ஏறுவான். புருஷன் மீன் லாரியோடு பள்ளத்தில் போனபிறகு அவள் வேறு பேச்சே பேசாத ஆள். இந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டே நாலு வருஷம் காதலித்தார்கள். எனக்கே மூன்றாம் வருஷம்தான் தெரிந்தது.

தடை ஒன்றுதான். கியாவின் அம்மா, ஊருக்கே பெரியம்மா, அதாவது மாக் லோங், கல்சோம். கரையோரம் பீசாங் கோரேங் கடை. வாழைப்பழத்தை மாவில் முக்கி எண்ணெயில் போட்டு எடுப்பாள். தின்றவன் மறுபடி வருவான், திட்டு வாங்கினாலும் வருவான். எலும்பும் நாக்கும்தான் கிழவி. எலும்பைவிட நாக்கு கனம்.

வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்க மாட்டாள் என்று கடைக்கே போனோம். பள்ளிவாசல் இமாம் பாஹ்ரோம் முன்னால், வெற்றிலைத் தட்டோடு நண்டு டின் நடுவில், மோதிரப் பெட்டியோடு நான் கடைசியில். லான் வரக்கூடாது என்பது முறை. அவன் படகுக்குப் பின்னால் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன, பொணம் தூக்க வந்த மாதிரி வரிசையா நிக்கிறீங்க?" என்றாள் மாக் லோங்.

இமாம் தொண்டையைச் செருமினார். "மாக் லோங், உங்க தோட்டத்துல ஒரு பூ பூத்திருக்காம்..."

"எனக்கு ஏது தோட்டம்? கோழிக் கூடுதான் இருக்கு. யாருக்குப் பொண்ணு கேக்குறீங்க, அதைச் சொல்லுங்க. எண்ணெய் காயுது."

"லானுக்கு."

"எந்த லான்?"

"பாயோங்," என்று டின் முணுமுணுத்தான்.

கரண்டி நின்றது. இமாம் சூடான பீசாங் ஒன்றை வாயில் போட்ட நேரம் அது.

"அடுத்தவன் தலைக்கு மேல காலைத் தொங்கப் போட்டுப் பொழைக்கிறானே, அவனா? அவனுக்கு என் மகளைக் கொடுத்தா, அல்லா மேல ஆணையா, நானே அந்தக் குடையில ஏறிப் பறக்கிறேன்! போங்கடா!"

இமாம் மெல்வதை நிறுத்தினார். சூட்டையும் பொறுத்துக்கொண்டு விழுங்கினார். "மாக் லோங், ஆணைன்னு சொல்லிட்டீங்களே."

"சொன்னேன். அதுக்கென்ன இப்ப?"

"இனிமே கொடுத்தீங்கன்னா பறந்தாகணும்."

"அதான் கொடுக்கப்போறதில்லையே!"

கியா சண்டை போடவில்லை. வீட்டில் மாவு கரைப்பதை நிறுத்திவிட்டாள், அவ்வளவுதான். அம்மா சம்மதம் இல்லாமல் கட்ட மாட்டேன், அவனைத் தவிர யாரையும் கட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு, "உன் வாய் பண்ண வேலைக்கு நான் ஏன் தனியாக் கெடந்து சாகணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம். கிழவி மறுநாள் கரைத்த மாவு கட்டி கட்டியாக இருந்தது. கடைக்கு வந்த பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இமாம் நல்ல மனுஷர். ஆணையை முறித்தால் அதற்குப் பரிகாரம் உண்டு, ஏழைகள் பத்துப் பேருக்குச் சாப்பாடு போட்டால் போதும், பறக்க வேண்டாம் என்று போய்ச் சொன்னார். அவர் செய்த தப்பு, அதை டீக்கடையில் வைத்துச் சொன்னது. மறுநாள் மதியம் பீசாங் கடை முன்னால் கரை ஆட்கள் வரிசை கட்டிவிட்டார்கள். டின் கிழிந்த பனியன் போட்டிருந்தான். பல்லு மான் கட்டுப்பல்லைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தான், அப்போதுதான் ஏழையாகத் தெரியுமாம். நான் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். தட்டு கையில் இருந்தது உண்மைதான்.

மாக் லோங் எங்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தாள்.

"ஹோட்டல் மிச்சத்தைத் தின்னு தொப்பை வளத்த பயலுவ, ஏழையாம்! உங்களுக்குச் சோறு போடுறதுக்கு வானத்துலேருந்து விழுந்தே சாகலாம். கூப்பிடுடா அந்தக் கொரங்கை!"

லான் ஓடி வந்து, உடம்பைப் பாதியாக மடித்து, கையைத் தாழ்த்திக்கொண்டு நின்றான்.

"பறக்கிறேன். மொதல்ல பறப்பேன், அப்புறம்தான் பொண்ணு. பொண்ணையும் கொடுத்து உசுரையும் கொடுக்க நான் இளிச்சவாச்சி இல்ல. கேட்டுக்க. என் துணி நனையக்கூடாது, மண்ணுலதான் எறக்கணும். இது ஒண்ணு. உன் காலு என் தலைக்கு மேல வரக்கூடாது. இது ரெண்டு. எது தப்பினாலும் என் மகளை மறந்துடணும். இமாம் சாட்சி."

கூட்டம் கலைந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. கிழவி பூட்டைப் போட்டுச் சாவியைக் கடலில் எறிந்துவிட்டாள் என்பது எங்களுக்குப் புரிந்தது. மண்ணில் இறங்க வேண்டுமானால் லான் மேலே கயிறுகளுக்கு நடுவில் உட்கார வேண்டும். மேலே உட்கார்ந்தால் கால் தலைக்கு மேல்தான் இருக்கும். இதுவோ, பெரியவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தால் முதுகை வளைத்துக் கடந்து போகிற ஊர். பெரியவர் தலைக்கு மேல் கால் நீட்டினவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், பேச்சுகூடக் கொடுக்க மாட்டார்கள். வாடிக்கையாளர்களின் தலை கணக்கில் வராது. அது காசு கொடுத்து வந்த தலை.

"அண்ணே, எனக்குப் பயமா இருக்கு," என்றான் லான் அன்று மாலை.

"உனக்கா? ஒசரத்துக்கா?"

"கெழவிக்கு." கொஞ்ச நேரம் மண்ணைக் கிளறினான். "இது தப்பிப்போச்சுன்னா கியா இங்க வேலைக்கு வரமாட்டா அண்ணே. அந்த ரெண்டு தட்டு கேக்காம நான் எப்படி ஏறுவேன்?"

இவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. எஞ்சினைத் துடைத்தேன்.

அப்புறம் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். லான் மேலே உட்காராமல் கீழே தொங்குவான். கிழவியின் வாருக்கு அடியில் இன்னொரு நீள வார். குடையின் இரண்டு பக்கக் கயிறுகளிலிருந்தும் பக்கத்துக்கு ஒரு தாம்புக் கயிறு அவன் கைக்கு வரும்; மாட்டு வண்டி ஓட்டுகிற மாதிரி கீழிருந்து இழுத்துத் திருப்ப வேண்டியது. கிழவிக்குப் பதிலாக டின்னைக் கட்டி ஏற்றிப் பார்த்தோம். முதல் தடவை ஹோட்டல்காரனின் ஓலைக் குடை ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு இறங்கினார்கள். அதற்குக் கீழே படுத்திருந்த ஜெர்மன்காரர் தன் எண்ணெய்ப் பாட்டிலோடு எழுந்து ஓடினார். அடுத்த தடவை மண்ணில் சரியாக இறங்கினார்கள். காற்று கடலிலிருந்து நேராக வந்தால் தாம்புக் கயிறு போதும். பக்கவாட்டில் சாய்ந்து அடித்தால் போதாது. அது எங்களுக்குத் தெரியும். இருந்தும் பறக்க நாள் குறித்தோம்.

அன்று காலை கரை முழுக்க ஜனம். திருவிழா மாதிரி ஐஸ் வண்டிக்காரன்கூட வந்துவிட்டான். மாக் லோங் ஹரி ராயாப் பெருநாளுக்குத் தைத்த மயில் பச்சை நீளச் சட்டையும் பாவாடையும் போட்டு, உள்ளே ஒரு கால்சட்டையையும் மாட்டிக்கொண்டு, முக்காட்டை ஏழெட்டு ஊக்குகளால் தலையோடு தைத்துக்கொண்டு வந்தாள். கியா அவளுக்கு வார் கட்டினாள். கொக்கியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"சரியா?" என்றான் லான்.

கியா பதில் சொல்வதற்குள் கிழவி முந்திக்கொண்டாள். "என்னைக் கேளு. பறக்கப்போறது நானு."

"சரியா, மாக் லோங்?"

"ஒண்ணும் சரியில்ல. போ."

நான் எஞ்சினை முடுக்கினேன். கயிறு விறைத்தது. மாக் லோங் கல்சோம் இரண்டு எட்டு வைத்தாள், மூன்றாவது எட்டில் கீழே மண் இல்லை. அவளுக்கு அடியில் லான் தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரித் தொங்கிக்கொண்டு போனான். கிழவியின் ரப்பர் செருப்பு அவன் உச்சந்தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

மேலே நடந்த பேச்சைப் பிறகு லான் சொன்னான். பாதியை நானே கேட்டேன். கிழவியின் குரல் எஞ்சினை மீறி வந்தது.

முதலில் கொஞ்ச நேரம் ஓதிக்கொண்டிருந்தாளாம். அப்புறம் ஒரு கண்ணைத் திறந்தாளாம்.

"அது யாரு வீட்டுக் கூரை?"

"உங்க வீடுதான், மாக் லோங்."

"தகரத்துல இவ்ளோ பெரிய ஓட்டை இருக்கு! அதான் மழைக்கு ஒழுவுதா? நீதான் ஏறி அடைக்கணும்."

"சரி, மாக் லோங்."

"சரின்னு சொல்லாத. இன்னும் கொடுக்கல." செருப்பால் அவன் தலையில் ஒரு இடி. "அங்க பாரு, அந்த ஜாரா பாட்டியோட கடையை. பழைய எண்ணெயைத் திரும்ப ஊத்துறா! ஊரு பூரா ஏமாத்துறா! இங்கேருந்து எல்லாம் தெரியுதே!" பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே! இன்னும் ஒரு சுத்து!"

கேட்டதைக் கொடுக்க வேண்டியதுதானே என்று சுற்றினேன். அந்தச் சுற்றுதான் வினை. முனையைத் தாண்டித் திரும்பும்போது என் இடது கன்னத்தில் காற்று பட்டது. நேராக வந்துகொண்டிருந்த காற்று குன்றுப் பக்கமிருந்து சாய்ந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கிழவி கனமே இல்லாதவள், குடை அவளைக் காகிதம் மாதிரி இழுத்துக்கொண்டு ஹோட்டல் தென்னை மரங்களைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கீழே லான் தாம்புக் கயிற்றில் இரண்டு கையாலும் தொங்கினான். குடை திரும்பவே இல்லை.

மண்ணில் நின்ற கூட்டம் தென்னைப் பக்கம் ஓட ஆரம்பித்தது. பல்லு மான் நாற்காலி மெத்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"அண்ணே!" லானின் குரல். "கடல்ல விடு! வேகத்தைக் கொறைச்சுக் கடல்ல விடு!"

என் கை அப்படியே நின்றது. இருபது வருஷம் இந்தப் பயல் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கடலில் விட்டால் கிழவி நனைவாள். நனைந்தால் கியா இல்லை. அது எனக்கும் தெரியும், கரையில் இருந்த ஐஸ்காரனுக்கும் தெரியும். வேகத்தைக் குறைத்தேன்.

"எதுக்குடா கடலு?" என்று மேலே கிழவி அலறினாளாம்.

"காத்து சாஞ்சிடுச்சு மாக் லோங். நான் மேல ஏறி ஒக்காந்தாத்தான் மண்ணுக்குத் திருப்ப முடியும். ஏறினா என் காலு உங்க..."

"நனைஞ்சா பொண்ணு கெடையாது, தெரியுமில்ல?"

"தெரியும். மரத்துல மோதினா நீங்களே கெடையாது."

கிழவி தென்னை மரத்தைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். மயில் பச்சைச் சட்டையைப் பார்த்தாள்.

"ஹரி ராயாவுக்குத் தச்சதுடா இது! உப்புத் தண்ணியில முக்கவா? ஏறுடா மேல!"

"தலை, மாக் லோங்..."

"மிதிடா கொரங்கே!"

நான் பார்த்தது இதுதான். லான் நீள வாரைப் பிடித்து ஒரு எம்பு எம்பினான். ஒரு முழங்கால் கிழவியின் மடியில். வலது பாதம் அவள் தோளில். அப்புறம், கரை மொத்தமும் வாயைப் பிளந்து பார்க்க, இடது பாதத்தை முக்காட்டின் உச்சியில் வைத்து அழுத்தி மேலே பாய்ந்தான். இமாம் கண்ணை மூடிக்கொண்டார். நான் எஞ்சினை மறுபடி முடுக்கினேன், கயிறு விறைத்தது, லான் தன் பழைய இடத்தில் உட்கார்ந்து இடது பக்கக் கயிறுகளை மார்போடு சேர்த்து இழுத்தான். குடை தென்னை மட்டையை உரசிக்கொண்டு திரும்பியது. ஒரு இளநீர் தொப்பென்று விழுந்தது. அடுத்த நொடி, கியா நின்ற இடத்துக்கு நேர் முன்னால், மாக் லோங் கல்சோம் இரண்டு காலும் ஊன்றி மண்ணில் நின்றாள். செருப்புகூடக் கழலவில்லை. சட்டை காய்ந்திருந்தது. முக்காட்டின் மேல் ஒரு பாதத் தடம், ஐந்து விரலும் தெளிவாக.

நான் படகை மண்ணில் ஏற்றிவிட்டு ஓடினேன். போவதற்குள் லான் முழங்காலிட்டு அவள் கையைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சிருங்க மாக் லோங். மன்னிச்சிருங்க."

கிழவி கையை உருவிக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாரும் பாத்தீங்கல்ல?"

பல்லு மான் மெத்தையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"என் தலையில காலை வச்சான். என் புருஷன்கூட வச்சதில்ல. இமாம், நீங்க பாத்தீங்களா?"

"கண்ணை மூடிட்டேன்," என்றார் இமாம்.

"ஏறச் சொன்னது நீதானே?" என்றாள் கியா. நாலு வருஷத்தில் அவள் குரல் உயர்ந்ததை அன்றுதான் கேட்டேன்.

"நான் சொன்னா? சொன்னா ஏறிடுவானா? மரியாதை தெரிஞ்சவன் மொதல்ல ரெண்டு தடவை மாட்டேன்னு சொல்லுவான். இவன் ஒரு தடவைதான் சொன்னான்." கிழவி முக்காட்டைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் மண் ஒட்டியது. பிறகு இமாமிடம் திரும்பினாள். "ஒரு வெளி ஆள் மேல கோவம் வந்தா எத்தனை நாளைக்கு வச்சிக்கலாம்?"

"மூணு நாளு. அதுக்கு மேல பேசாம இருக்கக்கூடாது."

"மருமகன் மேல?"

இமாம் தாடியைத் தடவினார். அவர் கெட்டிக்காரர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "அது வீட்டு விவகாரம், மாக் லோங். பள்ளிவாசல் அதுல தலையிடாது."

"மூணு நாளு எனக்குப் பத்தாது," என்றாள் மாக் லோங் கல்சோம். "நிக்காவுக்கு நாள் குறிங்க."

லான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். கியா அவன் முன்னால் குனிந்து, இன்னும் அவன் இடுப்பில் தொங்கிய நீள வாரின் கொக்கியை இரண்டு தட்டுத் தட்டினாள். அவன் எதுவும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. பல்லு மான் மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான், பல் போட்டுக்கொண்டு வந்திருந்தான் அன்றைக்கு.

கல்யாணச் சாப்பாட்டில் கரை ஆட்களுக்கும் இலை விழுந்தது. கிழவி ஒவ்வொரு மேசையாக வந்து, "தின்னுங்க ஏழைகளே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கூரை ஓட்டையை லான் அடைத்துவிட்டான். திட்டு நிற்கவில்லை. காலையில் எழுந்ததும் ஆரம்பிக்கும், "தலையில மிதிச்சவன் வந்துட்டான், காப்பி குடு" என்று. அவன் இன்னும் பறந்துகொண்டுதான் இருக்கிறான். குடை மேலே எழும்புகிற வழியில் பீசாங் கோரேங் கடை இருக்கிறது. கடைக்கு நேர் மேலே வரும்போதெல்லாம் கீழேயிருந்து சத்தம் வரும்: "காலை மடக்குடா!" அவன் உடனே முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்துத் தவளை மாதிரி மடக்கிக்கொள்வான். கீழே தொங்குகிற வெள்ளைக்காரன் அதைப் பார்த்து, ஏதோ ஆபத்து என்று நினைத்து, தன் காலையும் மடக்கிக்கொள்வான்.

நான் படகிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கடை தாண்டும் வரைக்கும் இரண்டு தவளை.